குளிர்காலத்தில் கம்பியில்லா வீட்டு இணையம்: ஒரு பருவம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்பீடு

பனி கொட்டிய இரவு முழுவதும் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. மறுநாள் முற்பகலில் வெயில் ஏறி, கூரையில் படிந்திருந்த பனி உருகத் தொடங்கிய பிறகுதான், நடந்துகொண்டிருந்த காணொளி அழைப்பு உறைந்து நின்றது. ஒரு குளிர்காலம் முழுவதும் கம்பியில்லா வீட்டு இணையச் சேவையைப் பயன்படுத்தியதில் எனக்கு முதலில் வியப்பளித்தது இதுதான். குளிரைக் கண்டு அஞ்சி இச்சேவையை வாங்கத் தயங்குவோரும், வாங்கிவிட்டு ஒவ்வொரு தடங்கலுக்கும் வானத்தைக் குறை சொல்வோரும் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது, தொலைவில் உள்ள கோபுரத்திலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் சிக்னலைக் கூரையில் பொருத்திய ஆண்டெனா பெற்று, ஈத்தர்நெட் கேபிள் வழியே வீட்டுக்குள் இறக்க, ரவுட்டர் அதை வைஃபையாக அறைகளுக்குப் பரப்பும் வகைச் சேவை. எனவே இதில் காற்றின் வழியே செல்லும் பகுதிகள் இரண்டு: கோபுரம் முதல் கூரை வரை ஒன்று, ரவுட்டர் முதல் கைபேசி வரை மற்றொன்று. குளிர்காலம் இவ்விரண்டையும் வெவ்வேறு விதமாகத் தொடுகிறது. நடுவே உள்ள கேபிளைத் தொடும் விதமோ முற்றிலும் வேறு.

முதலில் அந்த உருகும் பனியைப் பற்றி. நீர் மூலக்கூறின் ஒரு முனை சற்றே நேர்மின் தன்மையும் மறுமுனை சற்றே எதிர்மின் தன்மையும் கொண்டது. திரவ நிலையில் அது மைக்ரோ அலையின் மின்புலம் மாறும் போக்குக்கு ஏற்பத் திரும்பித் திரும்பி, அலையின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகிறது. உறைந்து பனிக்கட்டியானதும் அதே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடுவதால் அந்த வேகத்துக்கு அவற்றால் திரும்ப முடிவதில்லை. மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு துலங்குகிறது என்பதைக் காட்டும் எண்ணான மின்காப்பு மாறிலி, அறை வெப்பநிலையில் நீருக்கு ஏறத்தாழ 80. பனிக்கட்டிக்கோ மைக்ரோ அலைகளில் அது சற்றேறக்குறைய 3 மட்டுமே. ஆகையால் மாவுபோல் உதிரும் உலர்பனி எவ்வளவு பெய்தாலும் அலை அதை ஊடுருவிச் சென்றுவிடும். உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் விழும் ஈரப்பனி ஆண்டெனாவின் முகப்பு மூடியில் ஒட்டிக்கொண்டு மெல்லிய நீர்ப்படலமாக மாறும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. வழக்கமாக மைனஸ் 58 டிபிஎம் (சிக்னலின் வலுவை டெசிபல் கணக்கில் சொல்லும் அலகு) காட்டும் என் கருவி அந்த முற்பகலில் மைனஸ் 70 காட்டியது. பன்னிரண்டு டெசிபல் சரிவு என்றால், வந்து சேரும் சக்தி ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். மூடி காய்ந்ததும் பழைய எண் தானாகவே திரும்பியது. இப்போதெல்லாம் பனி நின்றவுடன், அது உருகத் தொடங்கும் முன்பே, தரையில் நின்றபடி நீண்ட கைப்பிடி கொண்ட மென்மையான தூரிகையால் மூடியை மெதுவாகத் துடைத்துவிடுகிறேன். வெந்நீர் ஊற்றினால் மூடி விரிசல் விடலாம்; பனிக்கட்டியைத் தட்டி உடைத்தால் ஆண்டெனாவின் திசை நகர்ந்துவிடலாம். அந்த இரண்டையும் யாரும் செய்ய வேண்டாம்.

சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் அது எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்று கேட்டுக்கொள்வது மிகவும் அவசியம். மணிக்கு 25 மில்லிமீட்டர் பெய்யும் கனமழையில்கூட 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டர் தொலைவில் இழப்பது ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே மழையில் 28 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு நான்கு டெசிபலுக்கும் மேல் இழக்கிறது. 60 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு வலுவிழக்க மழையே தேவையில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபலை விழுங்கிவிடுவதால் அது குறுகிய தொலைவுக்கே பொருந்தும். குளிர்காலத்தில் பனியைவிட ஆலங்கட்டி கலந்த மழையும் ஈரப்பனியும் மிகுந்து பெய்யும் இடங்களில் வசிப்போர், வேக விளம்பரத்தைப் பார்த்து உயர் அலைவரிசைச் சேவையை எடுப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் சேவைகளும் பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளையே நம்பியிருக்கின்றன. ஸ்டார்லிங்க் தட்டு தன்னைத்தானே சூடாக்கிப் பனியை உருக்கிக்கொள்ளும் வசதியுடன் வருகிறது. அது நல்ல ஏற்பாடு, ஆயினும் அந்த நேரத்தில் மின்நுகர்வு கூடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி, என்னை உண்மையில் வருத்திய பகுதிக்கு வருகிறேன். குளிர்காலத்தின் நடுப்பகுதியில், வானம் தெளிவாக இருந்த நாட்களிலும் வேகம் விநாடிக்கு 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை. சில இரவுகளில் இணைப்பு முற்றிலும் விழுந்து சில நிமிடங்களில் எழுந்தது. சேவை நிறுவனத்தின் உதவி எண்ணை மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும், வானிலை காரணமாக இப்படி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற பதிலே கிடைத்தது. ஆனால் சிக்னல் அளவு துளியும் குறையவில்லை. குறைந்தது வேகம் மட்டுமே. கோபுரத்துக்கும் கூரைக்கும் இடைப்பட்ட காற்றில் குறை இருந்தால் அது சிக்னல் எண்ணிலோ, தரவுப் பொட்டலங்கள் தொலைந்து தொலைந்து வருவதிலோ தெரிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் சொல்லிவைத்தாற்போல 94-இலேயே நிற்பது வேறொன்றைச் சொன்னது. ஈத்தர்நெட் கேபிளில் ஆயிரம் மெகாபிட் வேகத்துக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். அந்த இரண்டைத் தவிர்த்த மற்ற இணைகளில் ஒன்று கெட்டால் கருவிகள் இரண்டும் தாமாகவே நூறுக்கு இறங்கி ஒத்துப்போய்விடுகின்றன. தரவோடு சேர்த்து அனுப்பப்படும் முகவரி போன்ற கூடுதல் தகவல்களுக்கான பங்கு போக நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 94 மெகாபிட்.

நான்காம் முறை விடாப்பிடியாகக் கேட்ட பிறகு தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் வந்து கூரைமேல் இருந்த இணைப்பியைக் கழற்றினார். உள்ளே ஈரம்; செம்புத் தொடுமுனைகளில் பச்சை பூத்திருந்தது. கேபிள் கருவிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் அடைப்பான் சரியாக முறுக்கப்படவில்லை. அதைவிடப் பெரிய பிழை, கேபிள் மேலிருந்து நேராகக் கீழிறங்கிச் சுவரின் துளைக்குள் நுழைந்திருந்தது. துளைக்குச் சற்று முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டிருந்தால், வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப்போயிருக்கும். குளிர்காலம் இத்தகைய சிறு கவனக்குறைவை மன்னிப்பதில்லை. பகலில் உள்ளே புகும் நீர் இரவில் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு கூடி விரிசலை அகலப்படுத்துகிறது. மறுநாள் அந்த அகன்ற விரிசலில் இன்னும் கூடுதலான நீர் இறங்குகிறது. அதே கேபிளில் ஆண்டெனாவுக்கான மின்சாரமும் செல்வதால், ஈரமான தொடுமுனைகள் மின்னாற்பகுப்பில் விரைவாக அரிக்கப்படுகின்றன. வந்தவர் முனைகளை வெட்டிப் புதிய இணைப்பி போட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டையைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, கேபிளுக்கு வளைவும் வைத்துக் கொடுத்தார். முக்கால் மணி நேர வேலை. அன்று முதல் அந்தக் குறை திரும்பவில்லை. அவருடைய கைவேலைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். மூன்று வாரங்கள் வானிலையைக் காரணம் காட்டிய உதவிப் பிரிவுக்கு என்னால் தர இயலாது.

காற்றும் மரங்களும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இலையுதிர்ந்த மரங்கள் சிக்னலுக்கு நன்மையே செய்கின்றன. கோடையில் இலைகளில் உள்ள நீர் தடுத்த அலை குளிர்காலத்தில் தாராளமாக வருகிறது. ஆகவே குளிர்காலத்தில் ஆண்டெனாவைப் பொருத்தியவர்கள், இலைகள் துளிர்க்கும்போது என்ன ஆகும் என்பதையும் பொருத்தும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். பனிக்கட்டியின் எடையோடு பலத்த காற்றும் சேரும்போது கம்பத்தின் திருகுகள் தளர்ந்து திசை விலகக்கூடும். பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறை சிக்னல் அளவைக் குறித்துவைத்திருந்தால், விலகல் ஏற்பட்டதா என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் வைஃபையைப் பொறுத்தவரை, வெளியே அடிக்கும் குளிருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. தொடர்பு நம் வாழ்முறை வழியாக வருகிறது. நீண்ட இரவுகளில் எல்லோரும் வீட்டிலேயே இருக்கிறார்கள், அண்டை வீட்டாரும் அப்படியே. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால் மாலை நேரத்தில் நெரிசல் தவிர்க்க முடியாததாகிறது. கோபுரத்தின் கொள்ளளவையும் அதே நேரத்தில் அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். என் குறிப்பேட்டின்படி, பனி பெய்த பின்னிரவுகளைவிடத் தெளிந்த வானத்துடன் கூடிய மாலைகளே மெதுவானவை. கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றியது எனக்கு நல்ல பலன் தந்தது. வெப்பத்தைக் காக்கும் உலோகப் பூச்சுள்ள சன்னல் கண்ணாடிகள் 20 டெசிபல் அளவுக்குக்கூடச் சிக்னலைக் குறைக்கக்கூடியவை, அதாவது நூறில் ஒரு பங்கே கடந்து செல்லும். எனவே ஆண்டெனாவைக் கண்ணாடிக்கு உட்புறம் வைக்கும் வகைச் சேவையைக் குளிர்ப்பகுதி வீடுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரவுட்டரைச் சூடேற்றியின் அருகிலோ, வெப்பமில்லாத வெளிக்கூடத்திலோ வைக்கவும் கூடாது. வீட்டு ரவுட்டர்கள் பல 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே இயங்குமாறு உருவாக்கப்பட்டவை. உறைகுளிரிலிருந்து கொண்டுவந்த கருவியை உடனே மின்சாரத்தில் இணைக்காமல், அதன்மேல் படியும் ஈரம் காயும்வரை சில மணி நேரம் அறையிலேயே விட்டுவைப்பது நல்லது.

மின்தடையின்போது உதவும் பேட்டரியையும் வீட்டின் வெதுவெதுப்பான பகுதியிலேயே வையுங்கள். குளிரில் அதன் கொள்ளளவு குறைகிறது. லித்தியம் அயான் பேட்டரிகளை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அவை நிலையாகவே பழுதடையக்கூடும்.

அடுத்த ஆண்டுக்கும் இதே சேவையைப் புதுப்பித்திருக்கிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் கோபுர இணைப்பு குளிர்காலத்தைத் தாங்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று உதவிப் பிரிவின் பதில்களுக்கும் முதல் நிறுவலின் கவனக்குறைவுக்கும் உரியது. புதிதாக வாங்குவோர், பொருத்த வருபவர் கூரையிலிருந்து இறங்கும் முன் மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: கேபிளில் நீர் சொட்டும் வளைவு இருக்கிறதா, அடைப்பான் முழுவதும் முறுக்கப்பட்டதா, இன்றைய சிக்னல் எண் என்ன. மூன்றாவதை எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவையுங்கள்.