என் மகள் போன இல்லம் தேடிக் கல்வி மையம்: ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியின் அனுபவம்

2022 ஜூனில் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குக் குடிவந்தோம். எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறை, ஷிப்ட் மாறி மாறி வரும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். வாடகையும் கொடுத்து வட்டியும் கட்ட வேண்டுமென்றால் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாக வேண்டும், அதாவது இரவு எட்டரை வரை. பள்ளிக்கூடம் நாலேகாலுக்கே விட்டுவிடும். எட்டு வயதுப் பிள்ளை அதுவரை எங்கே இருப்பாள்?

ஊரில் இந்தக் கேள்வியே வந்ததில்லை. அம்மாச்சி இருந்தாள், சித்தி வீடு அடுத்த தெரு, வாசலில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே லைன் வீட்டில் பத்துக் குடித்தனம், யார் முகமும் யாருக்கும் தெரியாது. போதாததற்கு என் மகள் கொரோனாக் காலத்துப் பிள்ளை. ஒன்றாம் வகுப்பு முழுக்கப் பள்ளி வாசலை மிதிக்காமலே போனது. இரண்டாம் வகுப்பில் பாதியில்தான் திறந்தார்கள். புது ஊரில் மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அவள் பேசுகிற பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்களாம். அதற்கப்புறம் வீட்டிலும் பேச்சுக் குறைந்துபோனது. பூட்டிய கதவுக்குள் செல்போனும் அவளும்தான்.

கடைசி வீட்டு அம்மாதான் சொன்னார்: "ஏங் கண்ணு, முன்னால அந்தப் புள்ள சாயங்காலம் பசங்கள உட்கார வெச்சுச் சொல்லிக் குடுக்குதே, அங்க அனுப்ப வேண்டீதுதான?"

இல்லம் தேடிக் கல்வி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தேன். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்த திட்டம். பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க வேண்டும் என்பது நோக்கம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் அப்போது நடந்தது, கட்டணம் இல்லை. நடத்தியவர்கள் அதே பகுதித் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். எங்கள் மையத்தில் இருந்தது ஒரு கல்லூரி முடித்த பெண். பிள்ளைகளுக்கு அவள் அக்கா, டீச்சர் இல்லை. இதுவே பெரிய வித்தியாசம் என்று பின்னால்தான் புரிந்தது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டு, கதை, புளியங்கொட்டையை வைத்துக் கணக்கு, காகித மடிப்பு. மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தாள், எனக்கு அது போதும். மதிப்பெண்ணை ஏற்றுகிற டியூஷன் தேடுகிறவர்களுக்கு இது வேறு இடம்.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு வந்து பார்க்கிறேன், தூங்கிக்கொண்டிருந்தவளின் சடை என் சடை இல்லை. நான் அவசரத்தில் தளரப் பின்னி, ரிப்பனை ஒரு சுற்றுச் சுற்றி விடுவேன். இது இறுக்கமாக, வகிடு நேராக, இரண்டு பக்கமும் பூ மாதிரி முடிச்சு. மறுநாள் கேட்டதற்கு, "ஏழாவது படிக்கிற அக்கா, சாயங்கால கிளாஸ்ல இருக்கே, அதுதான். காலைல நம்ம வீட்டுக்கு வந்து பின்னிவிட்டு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகுது" என்றாள். நான் கம்பெனிக்குப் போனபிறகு என் வீட்டு வாசலில் ஒரு பிள்ளை வந்து நிற்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தபோது, இந்த ஊரில் எங்களுக்கும் ஆள் இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது.

தை மாதம் அம்மாச்சி இறந்துபோனாள். என் மகளைத் தோளில் போட்டு வளர்த்தவள். ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகும் பிள்ளை ஒரு சொட்டு அழவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. கம்பெனியில் ஏற்றுமதி அவசரம், கூட இருக்கவும் எனக்கு விடுப்பு இல்லை. அந்தத் தன்னார்வலப் பெண் அவளைப் பாடச் சொல்லவில்லை, எழுதச் சொல்லவில்லை. நாலு நாள் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள், எல்லாரும் அவரவர் பாட்டி செய்கிற பலகாரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாளாம். என் மகள் அம்மாச்சி இடிக்கிற எள்ளுருண்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் உடைந்து அழுதிருக்கிறாள். சுற்றி இருந்த பதினெட்டுப் பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அன்று இரவு இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

பிறகு ஒரு பத்திரிகையில் படித்தேன். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரின் குழு நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தது. வறுமை, குடும்பச் சண்டை என்று கஷ்டத்தில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடி தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பெற்றோரைத் தவிர அக்கறையுள்ள ஒரு பெரியவராவது, பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, இருந்திருக்கிறார்கள். படித்ததும் எனக்கு மையம் நடந்த எங்கள் லைன் வீட்டுச் சிமென்டுத் திண்ணைதான் கண்முன் வந்தது.

குறை என்று சொன்னால் இரண்டு. தன்னார்வலருக்கு அப்போது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. செய்கிற வேலைக்கு அது காணவே காணாது. அவர்கள் மனசை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? இன்னொன்று, எட்டாம் வகுப்போடு அது முடிந்துவிட்டது. ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைக்குத்தான் காது கொடுத்துக் கேட்க ஆள் அதிகம் வேண்டும்.

புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாதிரி மையமோ நூலகமோ எதுவாக இருந்தாலும், சேர்க்கும்போது என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்காதீர்கள். பிள்ளை ஒருநாள் வராவிட்டால் யாராவது வீட்டுக்கு வந்து கேட்பார்களா என்று விசாரியுங்கள். எங்கள் மையத்தில் கேட்டார்கள். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது மூன்று பிள்ளைகள் கஞ்சித் தூக்கோடு வந்து நின்றார்கள்.

சடை பின்னிய பெண் ஒன்பதாவதுக்குப் போனபோது மையத்திலிருந்து நின்றுவிட்டாள். ஆனாலும் காலை எட்டரைக்கு எங்கள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கத்தான் செய்தது என்று கடைசி வீட்டு அம்மா சொன்னார்.