குழுவுக்கு ஆள் போடுவது எப்படி? கிழக்கின் சபைகளுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

இலங்கையின் கிழக்கில் பிரதேச சபையின் தலைவரான தவிசாளரைத் தெரிவு செய்யும் நாளில் சபை வாசலில் நிற்க இடம் கிடைக்காது. பகிரங்க வாக்கெடுப்பா, இரகசிய வாக்கெடுப்பா, சமநிலை வந்தால் சீட்டுக் குலுக்கி எடுக்கும் திருவுளச்சீட்டா என்று ஊர் முழுக்க அதே பேச்சு. அதற்குப் பிறகு வரும் அமர்வில் குழுக்களுக்கு உறுப்பினர்களை நியமிக்கும்போது எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. ஆனால் எந்தக் கிறவல் வீதி முதலில் கொங்கிறீட் வீதியாகும், எந்த வடிகானைத் தோண்டுவார்கள், சந்தைக் கடைகளுக்கு வாடகை எவ்வளவு என்பதெல்லாம் முதலில் பேசப்படுவது குழுவில்தான். சபைக்கு வரும்போது பாதி முடிவு எடுத்தாயிற்று. அந்தக் கதிரைகளில் யார் உட்காருகிறார்கள் என்பதை நாம் கவனிக்காமல் விடுவது பெரிய பிழை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நான்கு குழுக்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: நிதியும் கொள்கை வகுப்பும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும். மட்டக்களப்பு மாவட்டத்தின் 12 உள்ளூராட்சி மன்றங்களில் 9 பிரதேச சபைகள். ஆகவே வாகரை முதல் வெல்லாவெளி வரை பெரும்பாலான ஊர்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தும். மாநகர சபை, நகர சபைகளுக்குச் சட்டம் வேறு. ஆனால் கதிரைகளை எப்படிப் பங்கிடுவது என்ற சிக்கல் அங்கேயும் இதேதான்.

2018க்கு முன் இந்தக் கேள்வி இவ்வளவு கடினமாக இருக்கவில்லை. வட்டாரங்களில் நேரடியாகத் தெரிவாவோருக்கு 60 வீதம், கட்சிப் பட்டியலில் வருவோருக்கு 40 வீதம் என்ற கலப்பு முறை வந்தபின், 2018இலும் 2025 மே 6இலும் நடந்த தேர்தல்களில் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஒரு பேச்சுக்கு 16 பேர் கொண்ட ஒரு பிரதேச சபையை எடுப்போம். ஒரு கட்சிக்கு 6, இன்னொன்றுக்கு 5, மூன்றாவதுக்கு 3, பிறகு தனித்தனியாக இரண்டு பேர். நான்கு குழுக்கள், குழுவுக்கு ஐந்து பேர், மொத்தம் 20 இடங்கள். இதே கணக்கை ஒவ்வொரு வழியிலும் போட்டுப் பார்ப்போம்.

தவிசாளர் கொண்டுவரும் பட்டியல்

அதிகம் நடப்பது இதுதான். தவிசாளர் ஒரு பெயர்ப்பட்டியலோடு வருவார். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, "ஆட்சேபனை உண்டா?" என்று ஒரு கேள்வி, அப்புறம் அடுத்த விடயம். வேகமான வழி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நல்ல தவிசாளராக இருந்தால் ஓய்வுபெற்ற ஆசிரியரைச் சமூக அபிவிருத்திக்கும், கட்டட வேலை தெரிந்தவரைத் தொழில்நுட்பத்துக்கும் போடுவார். ஆனால் 6ம் 3ம் சேர்ந்து 9 ஆகிவிட்டால் 20 இடங்களையும் அந்தக் கூட்டே வைத்துக்கொள்ளலாம். மீதி 7 பேர் கையை உயர்த்தி எதிர்த்தாலும் பட்டியல் நிறைவேறும். அந்த 7 பேரின் வட்டாரங்களில் இருப்பவர்களும் வீடு, காணிக்குச் சபை அறவிடும் சோலை வரியைக் கட்டுகிற மக்கள்தானே. ஆளின் நல்ல மனதை நம்பி நிற்கிற ஏற்பாட்டை முறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாக்கெடுப்பு

"அப்படியென்றால் வாக்கெடுப்பு வைத்துவிடலாமே" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக வாக்கெடுத்தால் அதே 9 பேர் ஒவ்வொரு முறையும் வெல்வார்கள். பட்டியல் முறையின் முடிவுதான் வரும், நேரம் மட்டும் கூடப் போகும். இரகசிய வாக்கெடுப்பு என்றால் கட்சிக் கட்டுப்பாடு கொஞ்சம் தளரலாம். ஆனால் தன் வாக்காளருக்கு மறைத்து உறுப்பினர் வாக்களிப்பதை, குழு நியமனம் போன்ற பொது விடயத்தில் நான் விரும்பவில்லை.

வாக்கெடுப்பில் ஒரு வகை மட்டும் வேறு மாதிரி வேலை செய்யும். ஐந்து இடங்களுக்கும் ஒரே தடவையில் வாக்கெடுப்பு, ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு, கூட வாக்கு எடுத்த ஐந்து பேர் குழுவுக்கு. 16 வாக்குகளில் மூன்று வாக்கு வாங்கியவருக்கு இடம் நிச்சயம், ஏனென்றால் ஆறு பேருக்கு மூன்று மூன்று வாக்கு விழ 18 வேண்டும். ஆக 3 பேர் கட்சி ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைத் தன் பலத்தில் உட்கார வைக்கலாம். தனி உறுப்பினர்கள் இருவரும் வேறொருவரோடு பேசி ஓர் இடம் எடுக்கலாம். ஆனால் வாக்கைச் சரியாகப் பிரித்துப் போடத் தெரியாத பெரிய கட்சி தன் இடத்தையே இழந்துவிடும். நியமனத்துக்கு முதல் நாள் இரவெல்லாம் தொலைபேசிப் பேரம் நடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விகிதப் பங்கீடு

எனக்குப் பிடித்த வழி இது. ஆனால் கணக்கை எப்படிப் போடுகிறோம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதில்தான் சின்னக் கட்சிகள் ஏமாறுகின்றன.

முதலில் குழுவுக்குக் குழு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து இடங்களில் 6 பேர் கட்சிக்கு 1.87, 5 பேர் கட்சிக்கு 1.56, 3 பேர் கட்சிக்கு 0.94, தனி ஆளுக்கு 0.31. முழு எண்ணைக் கொடுத்து, மிச்ச இடங்களைப் பெரிய பின்னம் உள்ளவர்களுக்குக் கொடுத்தால் 2, 2, 1 என்று முடிந்துவிடும். தனி உறுப்பினர்களுக்குப் பூச்சியம். நான்கு குழுவிலும் இதே கதைதான். மொத்தத்தில் 8, 8, 4. மக்கள் வாக்குப் போட்டு அனுப்பிய இரண்டு பேர் நான்கு வருடமும் எந்தக் குழுவிலும் இல்லை.

இனி 20 இடங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஓர் உறுப்பினருக்கு 1.25 இடம். 6 பேருக்கு 7.5, 5 பேருக்கு 6.25, 3 பேருக்கு 3.75, தனி ஆளுக்கு 1.25. முழு எண்களை எடுத்தால் 7, 6, 3, 1, 1. இதில் 18 போய்விட்டது. மீதி இரண்டில் ஒன்று 3 பேர் கட்சிக்கு, ஒன்று 6 பேர் கட்சிக்கு. முடிவு 8, 6, 4, 1, 1. சட்டமோ வாக்கோ எதுவும் மாறவில்லை. கணக்குப் போடும் இடம் மாறியதும் எல்லாருக்கும் ஒரு கதிரை கிடைத்துவிட்டது. பிறகு, ஓர் இடம் மட்டுமே உள்ளவர்கள் எந்தக் குழு வேண்டும் என்று முதலில் தெரிவு செய்யட்டும். எட்டு இடம் உள்ளவர்களுக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சட்டம் சபைக் குழுக்களில் கட்சிப் பலத்துக்கு ஏற்ற இடங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே குழுவுக்குள்ளும் விகிதம் பார்க்க வேண்டும், எல்லாக் குழுக்களையும் சேர்த்த மொத்தத்திலும் பார்க்க வேண்டும். விலக்கு வேண்டுமென்றால் ஓர் உறுப்பினர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. கேரளத்தில் ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரும் ஏதாவது ஒரு நிலைக்குழுவில் இருந்தே ஆக வேண்டும். இப்படி ஒரு விதியை நம் சபைகள் தீர்மானமாக எடுத்து நடைமுறைக்குக் கொண்டுவருவது கஷ்டமே இல்லை.

விகிதத்திலும் ஓட்டை உண்டு. அது கட்சியை மட்டும் பார்க்கும், ஊரைப் பார்க்காது. காரைதீவுப் பிரதேச சபைக்குள் காரைதீவோடு மாளிகைக்காடும் மாவடிப்பள்ளியும் இருக்கின்றன. நாவிதன்வெளியில் தமிழ்க் கிராமங்களோடு சவளக்கடையும் மத்திய முகாமும். ஏறாவூர்ப்பற்றில் செங்கலடியின் பிரச்சினை வேறு, கரடியனாற்றின் பிரச்சினை வேறு. கட்சிக்கு எத்தனை இடம் என்று முடிவான பிறகு, எந்தப் பக்கத்து ஆளைப் போடுவது என்பதைக் கட்சிகள் பேசித்தான் தீர்க்க வேண்டும். அதற்காக "வட்டாரத்துக்கு ஒருவர்" என்று மாற்றினால் பட்டியலில் வந்தவர்கள் வெளியே நிற்பார்கள். பெண்களுக்கான 25 வீதத்தை நிரப்ப வந்த உறுப்பினர்களில் பெரும்பாலானோர் பட்டியல் வழியே வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்களைச் சமூக அபிவிருத்திக் குழுவில் மட்டும் போட்டுவிட்டு, நிதியையும் தொழில்நுட்பத்தையும் ஆண்கள் வைத்துக்கொள்ளும் பழக்கம் நிற்க வேண்டும். தெருவிளக்கு எரியாத ஒழுங்கையில் இரவு வகுப்பு முடிந்து வரும் பிள்ளையின் பயத்தை அந்தப் பிள்ளையின் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தெருவிளக்கு முடிவாகும் குழுவிலும் அவர் இருக்க வேண்டும்.

திருவுளச்சீட்டு, வருடச் சுழற்சி இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சீட்டு சமநிலையை உடைக்க நல்லது, முழு நியமனத்துக்கும் அது பொருந்தாது. நிதிக் குழுவில் ஒருவர் கணக்குகளைப் படிக்கப் பழகுவதற்குள் வருடம் முடிந்துவிடும் என்பதால், சுழற்சி வைத்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும்.

சபைக்கு வெளியே இருந்து

பிரதேச சபைகள் சட்டத்தில் நாம் பயன்படுத்தாமல் கிடக்கிற வாசல் ஒன்று உண்டு. குழுக்களில் சபை உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் வசிக்கும் விருப்பமுள்ள மற்றவர்களையும் சேர்க்கலாம். மீனவர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சக்கர நாற்காலியில் சந்தைக்கு வந்து படியேற முடியாமல் திரும்பியவர், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! தேர்தலில் தோற்ற வேட்பாளருக்கு ஆறுதல் பரிசாக இந்த இடங்களைக் கொடுப்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அதைத் தடுக்க, சங்கங்களிடம் எழுத்தில் பெயர் கேட்டு, வந்த பெயர்களை அமர்வில் வாசித்து நியமிக்கலாம்.

கூட்டு அமைப்புகள்: இங்கே கணக்கே வேறு

சபைக்குள் இருக்கும் குழுவுக்குச் சரியான விகிதம், பல சபைகள் சேர்ந்த அமைப்புக்குப் போகும்போது உதவாது. ஒரு சபையிலிருந்து ஒருவரோ இருவரோதான் போவார்கள். ஒரு கதிரையை விகிதத்தில் பிரிக்க முடியாது.

குப்பையை எடுங்கள். ஏறாவூர்ப்பற்றின் கொடுவாமடு மட்டக்களப்பு மாநகரம் உட்படப் பல சபைகளின் கழிவு போகும் இடம். அம்பாறையில் பள்ளக்காடு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் தொடங்கிய தளம். சுற்றியுள்ள ஊர்களின் குப்பை அங்கே குவிந்தது, பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் செத்த செய்தி 2022இல் உலகம் முழுக்கப் போனது. எல்லாரும் குப்பையை அனுப்பினார்கள், வேலியைப் பற்றியும் தரம் பிரிப்பதைப் பற்றியும் பதில் சொல்லக் கட்டுப்பட்ட ஓர் ஆள் யார் என்று கேட்டால் கை காட்ட முடியாத நிலை. கிட்டங்கியில் வெள்ளம் வந்து கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையில் வீதி மூடும்போதும், வாவி நீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுவதா வேண்டாமா என்று விவசாயியும் மீனவரும் முட்டிக்கொள்ளும்போதும் இதே குறைதான்.

இப்படியான கூட்டங்களுக்குத் தவிசாளரே போவதா, செயலாளரை அனுப்புவதா, சபை ஒருவரைத் தெரிவதா? தவிசாளர் போனால் அவர் சொல்லுக்குப் பலம் இருக்கும், ஆனால் அவருக்குப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்று ஏற்கெனவே நாள் நிறைந்திருக்கும். கடைசியில் கூட்டத்துக்கு யாரோ ஓர் அலுவலர் போய், "எங்கள் சபையில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதிக்கொண்டு வருவார். செயலாளர் போனால் கோப்பு ஒழுங்காக இருக்கும், மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. நான் சபை தெரிவு செய்யும் ஓர் உறுப்பினரின் பக்கம். தவிசாளரின் கட்சியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். எதிர்க்கட்சியில் விடயம் தெரிந்தவர் இருந்தால் அவரை அனுப்பட்டும்.

ஆனால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. போகும் முன் சபையின் நிலைப்பாடு ஒரு தீர்மானமாகக் கையில் இருக்க வேண்டும். திரும்பியதும் அடுத்த மாதாந்த அமர்வில் எழுத்து அறிக்கை. பதில் உறுப்பினர் ஒருவரின் பெயரும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு கூட்டம் போகாதவரின் இடம் தானாக அவருக்குப் போகட்டும். குப்பைத் தளம் எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ, அந்த வட்டார உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கூட்டு அமைப்பில் நிரந்தரமாக இருக்க வேண்டும். புகையும் ஈயும் வருவது அவரைத் தெரிவு செய்த மக்களின் வீடுகளுக்கு.

அமர்வில் உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டியது இவ்வளவுதான்: "எல்லாக் குழு இடங்களையும் ஒன்றாகச் சேர்த்து விகிதப்படி பங்கிடுவதென்றும், ஒவ்வோர் உறுப்பினருக்கும் குறைந்தது ஓர் இடம் கொடுப்பதென்றும், கூட்டு அமைப்புகளுக்குப் போகும் பிரதிநிதி மாதாந்தம் அறிக்கை தருவதென்றும் இச்சபை தீர்மானிக்கிறது." வழிமொழிய இன்னொருவர் வேண்டும். அவர் யார் என்பதைப் பார்க்க, அந்த அமர்வுக்கு நீங்களும் போய் உட்காருங்கள்.