நாமே பூட்டும் எலக்ட்ரானிக்ஸ் கிட் போர்டுக்கு எந்த சால்டர் (பற்றவைக்கும் உலோகக் கம்பி): ஈயம் கலந்ததா, ஈயமில்லாததா?

63/37 கம்பியில் 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம் (இங்கே ஈயம் என்பது இதைத்தான்). 183 டிகிரி செல்சியஸில் உருகும். இறுகுவதும் அதே வெப்பத்தில்தான். இடையில் கூழ்நிலை இல்லாததால், ஆறும்போது ரெசிஸ்டரின் கால் லேசாக அசைந்தாலும் இணைப்பு கெடுவது குறைவு. 60/40 கம்பி 183 முதல் 190 வரை கூழாக நிற்கும். அப்போது போர்டை ஆட்டக் கூடாது.

ஈயமில்லாத எஸ்ஏசி305 வகையில் 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு, மீதி வெள்ளீயம். உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். ஈயக் கம்பிக்கு சால்டரிங் அயர்ன் முனை 320–340 டிகிரியில் இருந்தால் போதும். ஈயமில்லாததற்கு 360–380 வைக்க வேண்டியிருக்கும். பேடில் (கால் பற்றவைக்கப்படும் செம்புத் திட்டில்) மெதுவாகத்தான் பரவும். பொறுமையிழந்து முனையை அழுத்திப் பிடித்தால் செம்புப் பேடு போர்டிலிருந்து உரிந்து வந்துவிடும். முனையும் சீக்கிரம் தேயும். நல்ல இணைப்பே மங்கலாகத் தெரிவதால், புதியவருக்குக் கோல்டு ஜாயின்ட்டை (சரியாக ஒட்டாத இணைப்பை) கண்டுபிடிப்பது கடினம்.

எதுவானாலும் உள்ளே ரோசின் என்ற பிசின் உள்ள 0.8 மி.மீ. கம்பியே வாங்குங்கள். பேடையும் காலையும் சேர்த்து ஒரு விநாடி சூடாக்கி, கம்பியை முனையில் அல்ல, இணைப்பில் கொடுங்கள். முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை.

புகை ரோசினிலிருந்து வருவது. இரண்டிலும் காற்றோட்டம் அவசியம். காரீயம் கைவழியே வாய்க்குப் போகும் என்பதால், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

முதல் கிட்டுக்கு 63/37தான் சரி. குழந்தைகள் கையாளும் பொருளுக்கும், 2006 முதல் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சந்தைக்கும் ஈயமில்லாததே வேண்டும்.