பாதையைச் சொன்னால் பேட்டரியைச் சேமிக்கும் கார்: மதுரையிலிருந்து மூன்று வார அனுபவம்

என் தங்கையின் கணவர் சென்ற ஆண்டு பெங்களூரில் பழைய வண்டியாக வாங்கிவந்த பிளக்-இன் ஹைப்ரிட் கார் ஒன்றை, அவர் வெளியூர் சென்றிருந்த மூன்று வார காலமும் மதுரையில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நிறுவனத்தின் பெயரையும் மாடலையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்க்கிறேன். நான் எழுத விரும்புவதும் முழு வண்டியைப் பற்றி அல்ல. அதிலுள்ள ஒரே ஒரு வசதியைப் பற்றித்தான்: போகவேண்டிய ஊரை நேவிகேஷனில் பதிவு செய்துவிட்டால், வழியில் எந்த இடத்தில் மின்சாரத்தைச் செலவழிப்பது, எந்த இடத்தில் பெட்ரோல் எஞ்சினை ஓட்டுவது என்பதை வண்டியே முன்கூட்டித் திட்டமிட்டுக்கொள்ளும் வசதி.

பிளக்-இன் ஹைப்ரிட் என்பது பெட்ரோல் எஞ்சினும், வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியும் சேர்ந்த வண்டி. இந்த வண்டியின் பேட்டரி 12 கிலோவாட் மணி, அதாவது மின்வாரியக் கணக்கில் 12 யூனிட் கொள்ளளவு உடையது. பேட்டரியின் ஆயுளுக்காக மேலும் கீழும் ஒதுக்கிவைத்தது போக, ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 யூனிட். மதுரை வெயிலில் ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருக்க, அது 35 முதல் 40 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடித்தது. ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்பியர் பிளக்கில் இரவு மாட்டிவிட்டால் விடிவதற்குள் நிரம்பிவிடுகிறது.

ஊர் எதையும் பதிவு செய்யாமல் கிளம்பினால், வண்டி சம்பளம் வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடும் ஆளைப்போல நடந்துகொள்கிறது. புறப்பட்ட இடத்திலிருந்து மின்சாரத்திலேயே ஓடி, பேட்டரி அடிமட்டத்தைத் தொட்ட பிறகு எஞ்சினுக்கு மாறி, மீதித் தூரம் முழுவதும் சாதாரண ஹைப்ரிட் வண்டியாகிவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடும்போது ஓரளவு சிக்கனமாகவும், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும்போது மிகவும் வீணாகவும் பெட்ரோலைக் குடிக்கும். மின்மோட்டாருக்கோ நெரிசல் ஒரு பொருட்டே அல்ல, நின்றால் அது எதையும் எரிப்பதில்லை. ஆகவே ஊருக்குள் மின்சாரம், ஊருக்கு வெளியே பெட்ரோல் என்று பிரித்துக்கொள்வதுதான் அறிவுடைய கணக்கு. ஆனால் முன்னால் வரப்போவது ஊரா, நெடுஞ்சாலையா, மலையா என்பது தெரிந்தால்தான் அந்தக் கணக்கைப் போட முடியும். நேவிகேஷன் வரைபடத்தில் உள்ள ஏற்ற இறக்கம், வளைவு, வேக வரம்பு, சந்திப்பு ஆகிய விவரங்கள் இங்கேதான் பயன்படுகின்றன.

இது புத்தம்புதிய எண்ணமும் அல்ல. நம் மறைமலை நகரில் கார் தயாரித்துக்கொண்டிருந்த அதே ஃபோர்டு நிறுவனம், 2013 வாக்கிலேயே அமெரிக்காவில் விற்ற தன் பிளக்-இன் வண்டிகளில், ஓட்டுபவர் அடிக்கடி போகும் இடங்களை ஜி.பி.எஸ். மூலம் தெரிந்துகொண்டு, வீட்டை நெருங்கியதும் எஞ்சினைத் தவிர்த்து மின்சாரத்திலேயே முடிந்தவரை ஓட்டும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. 2016இல் வந்த ஆடி க்யூ7 இ-டிரான், வழித்தடத்தை வைத்துத் திட்டமிடும் முறையைக் கொண்டிருந்தது. பி.எம்.டபிள்யூ 2020 முதல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றின் மையப் பகுதிக்குள் நுழைந்தவுடன் தானாகவே மின்சாரத்துக்கு மாறும் வசதியைக் கொண்டுவந்தது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாசி வீதிகளுக்கும் உட்பட்ட பகுதிக்கு இப்படி ஓர் எல்லை வகுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று, அங்கே ஓட்டும்போதெல்லாம் தோன்றியது.

வசதியைச் சோதிக்கக் கொடைக்கானல் பாதையைவிடப் பொருத்தமான பாதை மதுரையைச் சுற்றிக் கிடையாது. நெரிசலான ஊர், நான்குவழிச் சாலை, சிற்றூர்கள், மலை ஏற்றம், மேலே மீண்டும் நெரிசல் என்று எல்லாமே 120 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. மலையடிவாரத்திலுள்ள வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆட்களோடு சேர்த்து 2,200 கிலோ எடையுள்ள வண்டியை 1,800 மீட்டர் மேலே தூக்குவதற்கு மட்டுமே, பள்ளிக்கூடத்து இயற்பியல் கணக்குப்படி, சுமார் 11 யூனிட் தேவை. சக்கர உராய்வும் காற்றின் எதிர்ப்பும் அதற்கு மேல். அதாவது பேட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு மலையடிவாரத்தில் நின்றாலும் அதனால் மட்டும் மேலே போய்ச்சேர முடியாது. எஞ்சினும் மோட்டாரும் பங்குபோட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும்.

முதல் பயணத்தில் வேண்டுமென்றே எதையும் பதிவு செய்யாமல் கே.கே. நகரிலிருந்து முழு பேட்டரியோடு கிளம்பினேன். வாடிப்பட்டி தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே மின்சாரம் தீர்ந்தது. எஞ்சின் மிகச் சிக்கனமாக ஓடக்கூடிய நான்குவழிச் சாலையில் மின்சாரத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மோட்டாரின் உதவி உண்மையில் தேவைப்படும், மலைச்சாலை தொடங்கும் காட்ரோட்டு ஏற்றத்துக்கு வெறுங்கையோடு வந்து நின்றோம். வண்டி ஏறாமல் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எஞ்சின் இரைந்த இரைச்சலில், பின்னிருக்கையில் இருந்த என் அம்மா ஏதோ பழுது என்றே நினைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அதே பாதையில், கொடைக்கானல் ஏரியை நேவிகேஷனில் பதிவு செய்துவிட்டுக் கிளம்பியபோது வண்டியின் நடத்தையே வேறாக இருந்தது. கோரிப்பாளையம், விளாங்குடி, பரவை வரை மின்சாரம். சமயநல்லூரைத் தாண்டி வேகம் பிடித்ததும், நான் எந்தப் பொத்தானையும் தொடாமலே எஞ்சின் வேலையை ஏற்றுக்கொண்டது. பேட்டரி 62 சதவீதத்தில் நின்றது. வத்தலக்குண்டு கடைவீதியில் மீண்டும் மின்சாரம். காட்ரோட்டில் 55 சதவீதம் கையிருப்போடு ஏற்றம் தொடங்கியது. வளைவிலிருந்து வெளிவந்து வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டார் தோள்கொடுத்ததால், எஞ்சின் ஒரே சீராக, பெரும்பாலும் தாழ்ந்த குரலில் ஓடியது. பெருமாள்மலையை நெருங்கும்போது கால் பங்கு மீதி இருந்தது. வெள்ளி அருவிக்கருகே வண்டிகள் ஊர்ந்த வரிசையிலும், அதற்குப் பிறகு ஊருக்குள் ஏரி வரையிலும், எஞ்சின் ஒருமுறைகூட உயிர்பெறவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தியபோது 12 சதவீதம். திட்டமிட்ட கணக்கு இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெட்ரோல் மிச்சம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு விடை சற்று ஏமாற்றமாகவே இருக்கும். இரண்டு முறையும் மேலே போனதும் டேங்க்கை நிரப்பிப் பார்த்ததில், ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வித்தியாசம். இரண்டு பயணத்திலும் செலவான மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் இதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. எஞ்சினைத் திணறவிடாமல் ஓட்டியதால் கிடைத்த ஒரு லிட்டர் அது. ஆனால் ஏற்றத்தில் கிடைத்த அமைதியையும் முந்திச்செல்லும் தெம்பையும் நான் அந்த லிட்டரைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

இறக்கத்தில்தான் வண்டியின் அறிவுக்கு எல்லை தெரிந்தது. முதல் பயணத்தில் தங்கும் விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பி, மதுரையைப் பதிவு செய்தேன். மலையிறங்கும்போது பிரேக் பிடிக்கும் சக்தியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்ப்பதுதான் இந்த வண்டிகளின் பெரும் பலம். நிரம்பிய குடத்தில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? ஏரியிலிருந்து இறக்கம் தொடங்கும் இடம் வரை உள்ள சில கிலோமீட்டரில் பேட்டரியைக் காலி செய்யவும் முடியாது. ஆகவே மேலே ஏற்றிய உயரத்தின் சக்தியில் பெருமளவு பிரேக் வட்டுகளில் சூடாகிக் கரைந்தது. டம் டம் பாறை காட்சிமுனையில் இறங்கியபோது சக்கரங்களிலிருந்து கருகல் நெடி வந்தது. இரண்டாம் பயணத்தில் விடுதியில் ஒன்றரை மணிநேரம் மட்டும் சார்ஜ் போட்டு, ஏறத்தாழ 45 சதவீதத்தோடு இறங்கினேன். காட்ரோட்டை எட்டியபோது பேட்டரி 80 சதவீதம் காட்டியது. காசு கொடுக்காமல் கிடைத்த நான்கு யூனிட்! மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. அதை நெடுஞ்சாலையில் தொடாமல் வைத்திருந்து, மாலை நெரிசலில் மதுரைக்குள் செலவழித்தது வண்டி.

இங்கே என் முதல் குறை. நாளைக் காலை இறக்கம் என்பது நேவிகேஷனுக்குத் தெரிந்தால், இன்றிரவே “பாதியோடு நிறுத்து” என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த வண்டியிலோ சார்ஜ் ஏற்றும் திட்டமும் பாதைத் திட்டமும் ஒன்றையொன்று அறியாத இரண்டு அலுவலகங்கள்போல் இயங்குகின்றன. சார்ஜுக்கு உச்ச அளவு வைக்கும் வசதியும் மெனுவில் இல்லை.

இரண்டாவது குறை வரைபடத்தின் பழமை. நத்தத்தில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது, தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் நீளும் பறக்கும் சாலையில் ஏறினேன். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தப் பாலம் வண்டியின் வரைபடத்தில் இல்லை. நான் சிக்னலே இல்லாமல் மேலே பறந்துகொண்டிருக்க, கீழேயுள்ள நத்தம் சாலையில் நின்று நின்று போவதாக நினைத்த வண்டி, நெரிசலுக்கென்று வைத்திருந்த மின்சாரத்தை வெட்டவெளியில் செலவழித்தது. தவறான வரைபடம், வரைபடமே இல்லாததைவிட மோசமானது. இல்லாவிட்டால் நாமாவது யோசித்திருப்போம். சித்திரைத் திருவிழாவில் தேரோடும் நாளில் மாசி வீதிகள் அடைபடுவதையும், ஆங்காங்கே முளைக்கும் வேகத்தடைகளையும் இந்த வரைபடம் அறியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பெரிய பாலம் ஒன்று தெரியாமலிருப்பதை மன்னிக்க முடியவில்லை. புதுப்பித்துக்கொள்ளலாம் என்றால், முந்தைய உரிமையாளரின் இணையச் சந்தா முடிந்துவிட்டது என்றும், புதிய பெயரில் மாற்றித் தரப் பல நாள் ஆகும் என்றும் விற்பனை நிலையத்தில் சொன்னார்கள்.

மூன்றாவது, குறை என்பதைவிட நம் பழக்கத்தைச் சார்ந்தது. தெரிந்த பாதைக்கு யாரும் நேவிகேஷன் போடுவதில்லை. தெரியாத பாதைக்கும் நாம் செல்பேசியில்தான் பார்க்கிறோம். செல்பேசியின் வரைபடத்தை வண்டியின் திரையில் விரித்து ஓட்டிப் பார்த்தேன்; வழி அருமையாகச் சொன்னது, ஆனால் நாம் எங்கே போகிறோம் என்பது வண்டியின் மூளைக்குப் போய்ச்சேரவில்லை. பேட்டரி பழையபடி தொடக்கத்திலேயே காலியானது. வண்டியின் சொந்த நேவிகேஷனில், அதுவும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்தால்தான் திட்டம் பிறக்கிறது. அந்த நேவிகேஷனோ தமிழில் தட்டச்சு செய்யவிடுவதில்லை. வத்தலக்குண்டை அது எந்த எழுத்துக்கூட்டலில் வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நான்கு முயற்சி ஆயிற்று. இந்த வசதி இருக்கிறது என்பதே என் தங்கை கணவருக்கு ஓராண்டாகத் தெரியாமல் இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

அன்றாடம் மதுரைக்குள்ளேயே போய்வருபவருக்கு, தினமும் இரவில் சார்ஜ் ஏற்றும் பழக்கம் இருந்தால், பாதையைப் பதிவு செய்ய வேண்டிய தேவையே எழாது. முழுத் தூரமும் மின்சாரத்திலேயே முடிந்துவிடும்போது எதைத் திட்டமிடுவது? நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும் பயணத்தில்தான் இதற்கு வேலை. அப்போதும் பாதை நன்கு தெரிந்தவர், பேட்டரியைத் தொடாமல் நிறுத்திவைக்கும் ‘ஹோல்டு’ பொத்தானைச் சமயநல்லூரில் அழுத்தி, காட்ரோட்டில் விடுவித்தால் ஏறத்தாழ இதே பலனைப் பெறலாம். கடைசி வாரத்தில் அப்படியும் ஒருநாள் பண்ணைக்காட்டுப் பிரிவு வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டியின் கணக்குக்கும் என் கணக்குக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. புதிய ஊர்ப்பக்கம் போகும்போது மட்டும் வண்டி என்னை வென்றது: மூணாறு போகும் வழியில், போடிமெட்டு ஏற்றம் எங்கே தொடங்கும், எவ்வளவு கடுமையாயிருக்கும் என்பது முதல்முறை போன எனக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்திருந்தது.

இத்தகைய வண்டியைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள், பேட்டரியின் நிலையைப் பார்ப்பதோடு, நேவிகேஷன் சந்தா யார் பெயரில், எதுவரை இருக்கிறது என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது, மதுரைக்காரராயிருந்தால், நத்தம் பாலத்தில் ஏறி, திரையில் உங்கள் வண்டி பாலத்தின்மேல் காட்டப்படுகிறதா, கீழேயுள்ள சாலையில் காட்டப்படுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தங்கையின் கணவர் திரும்பிவந்ததும் சாவியோடு இந்தக் குறிப்புகளையும் கொடுத்தேன். சந்தாவை மாற்ற அவர் விண்ணப்பித்திருக்கிறார்.