வண்டி பேட்டரியா, பவர் பேங்க்கா: நெடும்பயணத்தில் மொபைல் சார்ஜுக்கு எது கைகொடுக்கும்?

சேலத்தில் இருந்து ஹம்பிக்குப் போயிருந்தேன். பெங்களூரு, தும்கூர், சித்திரதுர்கா வழியாக ஹோஸ்பேட் போய்ச் சேர இரவு எட்டு மணி ஆகிவிட்டது. சுமார் 540 கிலோமீட்டர். வண்டி 350 சிசி, செல்ஃப் ஸ்டார்ட் மட்டும்தான், கிக்கர் கிடையாது. லாட்ஜில் வாட்ச்மேன் இருந்ததால் டேங்க் பேக்கைக் கழற்றாமல் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். உள்ளே 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, ஹேண்டில்பாரில் இருந்த யூஎஸ்பி சார்ஜரில் சொருகியபடியே இருந்தது.

மாதங்க மலையில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று காலை ஐந்து மணிக்கு வந்து பட்டனை அழுத்தினால் ‘டிக்… டிக்…’ என்ற சத்தம் மட்டும். மீட்டர் விளக்கு மங்கி மங்கி எரிகிறது. பவர் பேங்க்கை எடுத்துப் பார்த்தேன். நான்கு விளக்கும் எரிந்தன, முழு சார்ஜ்.

கணக்குப் போட்டால் புரியும். பவர் பேங்க் மேல் 10,000 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. வாட்-மணியில் சொன்னால் 37. வண்டியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும்போதும், அதை மறுபடி செல்லில் ஏற்றும்போதும் வீணாவதைச் சேர்த்தால் 45 வாட்-மணிக்கு மேல் போகும். 12ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 4 ஆம்பியர்-மணி. என் வண்டி பேட்டரியின் கொள்ளளவே 8 தான். புது பேட்டரியாக இருந்தால் தாங்கியிருக்கும். என்னுடையதுக்கு இரண்டரை வயது.

பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப்புக்கும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டரான இசியூவுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. அன்று பக்கத்து அறைக்காரரின் வண்டி பேட்டரியில் இருந்து ஒயர் போட்டுக் கிளப்புவதற்குள் சூரியன் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதிலிருந்து, யார் என்னிடம் டூரிங் சார்ஜர் பற்றிக் கேட்டாலும் எத்தனை வாட், எந்தக் கம்பெனி என்று நான் ஆரம்பிப்பதில்லை. சாவியை எடுத்தால் அது அணைகிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். இருக்கும் வழிகளை அந்தக் கண்ணோடு வரிசையாகப் பார்ப்போம்.

பேட்டரியில் இருந்து நேரடி இணைப்பு

அந்த சார்ஜரை மாட்டிக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் சொன்னது நினைவிருக்கிறது: “தம்பி, பேட்டரியிலேயே டைரக்டா கொடுத்துட்டேன். சாவி இல்லாமலே எப்ப வேணும்னாலும் போன் போட்டுக்கலாம்.” அவர் வசதி என்று நினைத்துத்தான் செய்தார். பலரும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. பத்து நிமிட வேலை, வண்டியின் சொந்த ஒயரிங்கை எங்கும் வெட்ட வேண்டாம், சார்ஜருக்கு முழு மின்னழுத்தம் கிடைக்கும். ஆனால் எதுவும் சொருகாமல் விட்டாலும் இது குடித்துக்கொண்டே இருக்கும். வோல்ட் காட்டும் சின்ன எல்இடி திரை வைத்த சார்ஜர்கள் நிறைய வருகின்றன. அந்தத் திரை 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி. 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் பாதி பக்கம் தொட்டுவிடும். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளின் 3 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு நான்கு நாளே அதிகம். அதில் கிக்கர் இருப்பதால் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

தினமும் ஓட்டுகிறவர், இரவில் எல்லாவற்றையும் மறக்காமல் பிடுங்கிவிடும் பழக்கம் உள்ளவர் என்றால் இது ஓடும். எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்குகிற ஆளிடம் அந்த ஞாபகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ரிலே போட்டு, சாவியோடு அணையும்படி

நான் இப்போது வைத்திருப்பது இதுதான். ரிலே என்பது சின்னக் கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். கடையில் ரிலே என்று கேட்டால் நான்கு கால் உள்ள சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று தருவார்கள். கால்களில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர் 30இல், சார்ஜருக்குப் போகும் ஒயர் 87இல், எர்த் 85இல். மிச்சமிருக்கும் 86க்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு ஒயர் வேண்டும். டெயில் லேம்ப் ஒயர் பின்பக்கம் சீட்டுக்கு அடியிலேயே கிடைக்கும், பெரும்பாலும் அதையே எடுப்பார்கள். அந்த ஒயர் ரிலேயை உசுப்ப மட்டும்தான். சார்ஜருக்கான கரண்ட் தடிமனான தனி ஒயரில் பேட்டரியில் இருந்தே வரும்.

ரிலே எதற்கு, டெயில் லேம்ப் ஒயரில் இருந்தே சார்ஜருக்குக் கொடுத்தால் போதாதா என்று சில மெக்கானிக்குகள் கேட்பார்கள். போதாது. அது சில வாட் பல்புக்குக் கணக்குப் பண்ணிப் போட்ட மெல்லிய ஒயர். அதைவிட முக்கியம், அந்த வழியின் ஃபியூஸை வேறு விளக்குகளும் பகிர்ந்துகொள்ளும். மழையில் சார்ஜர் ஷார்ட் ஆனால் சார்ஜரோடு விளக்குகளும் சேர்ந்து போகும். இருட்டில் தொப்பூர் கணவாய் இறங்கும்போது அப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. அது காப்பாற்றுவது போனை அல்ல, ஒயரை. அதனால் பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஒரு ஜாணுக்குள் இருக்க வேண்டும். சார்ஜர் பக்கத்தில் ஃபியூஸ் போட்டால் நடுவில் ஒயர் உரசி ஃபிரேமைத் தொடும்போது தடுக்க ஆளிருக்காது. அளவு? 18 வாட் சார்ஜர் 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்குள்தான் இழுக்கும், 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். இரண்டு வாயும் முழு வேகத்தில் கொடுக்கும் வகை என்றால் 5. “பத்து போடு, போகாது” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போக வேண்டிய நேரத்தில் போவதற்குத்தான் ஃபியூஸ்.

ஒயர் உரசும் இடம் எப்போதும் ஒன்றுதான்: ஹேண்டில்பாரும் ஃபிரேமும் சேரும் கழுத்து. மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இடது கோடி முதல் வலது கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேயும் இழுக்கக் கூடாது, எங்கேயும் நசுங்கக் கூடாது. அந்த இடத்தில் ஒரு வளையம் அளவுக்கு ஒயரைத் தளர விட்டு, கறுப்பு ஸ்லீவ் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். பேட்டரியில் கை வைக்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காது.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடே வேண்டாம். மீட்டியோர் 350, ஹிமாலயன் 450 போன்றவற்றில் கம்பெனியே யூஎஸ்பி வைத்துத் தருகிறது. வாரண்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

12 வோல்ட் சாக்கெட்

காரில் சிகரெட் லைட்டர் இருக்குமே, அந்த உருண்டை சாக்கெட். கேடிஎம் 390 அட்வெஞ்சரில் இது கம்பெனியிலேயே வந்தது. போன் சார்ஜுக்கு மட்டும் என்றால் நான் இதை வாங்க மாட்டேன். உள்ளே சொருகும் அடாப்டர் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் நூறு கிலோமீட்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடும். சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவோம். ட்யூப்லெஸ் டயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்ப் கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் இது பயன்படும். அந்தப் பம்ப் போன் சார்ஜரைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் ஒயரும் ஃபியூஸும் அதற்கேற்பத் தடிமனாக வேண்டும்.

பவர் பேங்க் மட்டும்

ஒயரே வேண்டாம், வண்டியைத் தொடவே வேண்டாம் என்பவர்களின் வழி. இதை லேசாக எண்ணக் கூடாது. இரவு லாட்ஜில் பவர் பேங்க்கை ஏற்றிக்கொண்டு, பகலில் அதிலிருந்து போனுக்குக் கொடுத்தால் வண்டி பேட்டரி பற்றிய கவலையே இல்லை. 10,000 எம்ஏஎச் என்பது நடைமுறையில் 5,000 எம்ஏஎச் போனை ஒன்றரை தடவைக்குக் கொஞ்சம் குறைய நிரப்பும். ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ போய்விட்டு மறுநாள் திரும்பும் பயணத்துக்கு இது போதும். அதற்காக வண்டியை வெட்டாதீர்கள் என்றே சொல்வேன்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூன்றாவது நாள், நான்காவது நாள். மலைக் கிராமத்தில் தங்கும்போது இரவு முழுக்கக் கரண்ட் இல்லை, அல்லது அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதில் ஹெல்மெட் ப்ளூடூத், கேமரா பேட்டரி, போன் எல்லாம் காத்திருக்கின்றன. அப்புறம் வெயில். கறுப்பு டேங்க் பேக்குக்குள், கீழே இன்ஜின் சூடு, மேலே மே மாத வெயில். லித்தியம் செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது நல்லதல்ல. பவர் பேங்க்கைத் துண்டில் சுற்றி சேடில் பேக்கின் நடுவில் வையுங்கள்.

போன் இருக்கும் இடம்

எந்த வழியில் கரண்ட் கொண்டுவந்தாலும் போனை ஹேண்டில்பாரில் வெயிலில் வைத்தால் பாதி உழைப்பு வீண். திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டு, கூடவே சார்ஜும் ஏறினால் போன் கொதிக்கும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெளிவெப்ப வரம்பே 35 டிகிரி. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஏப்ரல் மதியம் அதைத் தாண்டித்தான் நிற்கும். சூடு ஏறினால் போன் தானே சார்ஜை நிறுத்திவிடும், நாம் சார்ஜரைக் குறை சொல்லுவோம். அதிர்வும் ஒரு விஷயம். மோட்டார் சைக்கிள் இன்ஜின் அதிர்வால் கேமரா லென்ஸ் அமைப்பு கெடலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. ரப்பர் டேம்பர் உள்ள மவுண்ட் இல்லாமல் விலை உயர்ந்த போனை மாட்டாதீர்கள்.

நான் போனைச் சட்டைப் பையில் வைத்து, வழியை ஹெல்மெட் ப்ளூடூத்தில் காதால் கேட்டுப் போகிறேன். திரை அணைந்திருப்பதால் செலவு பெருமளவு குறைகிறது. வழி குழம்பினால் நிறுத்தி எடுத்துப் பார்த்தால் போச்சு. மழையில் இது இன்னும் நிம்மதி. ஈரமான டைப்-சி வாயில் கேபிளைச் சொருகினால் நிறைய போன்கள் சார்ஜ் ஏற்கவே மறுக்கும், ஏற்பவற்றில் பின் துருப்பிடிக்கும்.

ஆக என் தேர்வு: ஓரிரு நாள் பயணம் என்றால் பவர் பேங்க் மட்டும். அதற்கு மேல் என்றால் ரிலே போட்ட சார்ஜரும் பவர் பேங்க்கும் சேர்ந்து. பகலில் வண்டி பவர் பேங்க்கை நிரப்பும், டீக்கடை நிறுத்தத்திலும் இரவிலும் அது போனை நிரப்பும்.

இதற்கெல்லாம் முன்னால், செயின் லூப் அடிப்பது, டயர் பட்டன் பார்ப்பது, கிளட்ச் கேபிள் ஒன்று கூடுதலாக எடுத்து வைப்பது ஆகியவற்றோடு பேட்டரியையும் ஒரு முறை மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். 13ஐயே தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் ரெகுலேட்டர் கோளாறு, அதைச் சரிசெய்யாமல் சார்ஜர் மாட்டி என்ன செய்வது? ஜோடி ஃபாக் லைட்டும் போட்டிருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். போன் சார்ஜர் 18 வாட், அந்த விளக்குகள் சாதாரணமாக 40 வாட் எடுத்துக்கொள்ளும்.

எலெக்ட்ரீஷியன் வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைக்கும்போது, சாவியைப் போட்டு சார்ஜரின் நீல விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சாவியை எடுங்கள். விளக்கு அணையாவிட்டால், “அண்ணே, இதைச் சாவியோட அணையற மாதிரி மாத்திக் கொடுத்துடுங்க” என்று அங்கேயே சொல்லி, மாற்றிய பிறகு காசைக் கொடுங்கள்.