சிராகூசாவா, டவோர்மினாவா? அம்மாவோடு சிசிலி போகிறவர்களுக்கு

இத்தாலியின் தீவான சிசிலிக்குப் போவது என்று முடிவான அன்றே வீட்டில் இந்தக் கேள்வி வந்துவிட்டது: தங்குவது சிராகூசாவிலா, டவோர்மினாவிலா? இரண்டும் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிற பழைய ஊர்கள். இரண்டிலும் கிரேக்கர் காலத்து அரங்கம் உண்டு, கடலும் உண்டு. கட்டானியா விமான நிலையத்தில் இறங்கி வடக்கே போனால் டவோர்மினா, தெற்கே போனால் சிராகூசா. எந்தப் பக்கம் போனாலும் நேர் பஸ்ஸில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே தூரத்தை வைத்து முடிவெடுக்க வழியில்லை.

நாங்கள் சிராகூசாவைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே பழைய நகரமான ஓர்டீஜியா தீவில் நான்கு இரவு. நடுவில் ஒருநாள் காலையில் ரயில் பிடித்து டவோர்மினா போய்விட்டு இரவு திரும்பினோம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். என்னோடு வந்தது அம்மா. வயது 68, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு ஊரையும் அளந்து பார்த்தது அந்த முழங்கால்களை வைத்துத்தான்.

காட்சி அழகு மட்டும்தான் கணக்கு என்றால் டவோர்மினாவுக்கே முதலிடம். கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில், மலைவிளிம்பில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. அதன் அரங்கத்தைக் கிரேக்கர்கள் தொடங்கினார்கள், இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பகுதி ரோமானியர்கள் செங்கல்லில் திருப்பிக் கட்டியது. மேடைக்குப் பின்னால் இருந்த சுவர் இடிந்து ஒரு பெரிய இடைவெளி விட்டிருக்கிறது. அந்த இடைவெளி வழியாக எட்னா எரிமலையும் கீழே வளைந்து போகும் கடற்கரையும் தெரியும். எத்தனை படத்தில் பார்த்திருந்தாலும் நேரில் நிற்கும்போது பேச்சு வராது. எட்னாவுக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் டவோர்மினாதான் பக்கம். அறை வாடகை, சாப்பாடு எல்லாம் அங்கே கூடுதல். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனி ஏற்றம் இறக்கம். ரயில் நிலையம் மலையடிவாரத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி மேலே வரவேண்டும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஊரின் வாசலான போர்ட்டா மெஸ்ஸினாவுக்கு மறுபடியும் கொஞ்சம் ஏற்றம். உள்ளே வந்துவிட்டால் கோர்சோ உம்பெர்ட்டோ என்கிற முக்கியத் தெரு நடக்கச் சுலபமானது, அதில் குறையே இல்லை. ஆனால் அந்தத் தெருவை விட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பினால் பெரும்பாலும் படிக்கட்டுதான். கடலுக்குப் போகவேண்டுமா? ரோப் காரில் மட்ஸாரோவுக்கு இறங்கவேண்டும், அப்புறம் சாலையோரமாக நடக்கவேண்டும், அப்புறம் ஈசோலா பெல்லா கடற்கரைக்குப் படியிறங்கவேண்டும். கீழே மணல் கிடையாது, கூழாங்கல். திரும்பி வருவதென்றால் இத்தனையும் ஏற்றமாக.

அம்மா அந்தப் படிகளின் தலைப்பில் நின்று கீழே பார்த்தார். "நீ போய்ட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். நான் போகவில்லை. இருவரும் சாலையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டித் தீவை மேலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஒருநாள் என்பதால் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் அங்கேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வயதானவர்களோடு போகும்போது ஓர் இடத்தை அடைய முடியுமா என்று மட்டுமே நாம் விசாரிக்கிறோம். டாக்ஸி இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, முடியும் என்று பதில் கிடைத்துவிடுகிறது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஒரு நாளில் எத்தனை தடவை அறைக்குத் திரும்பிவர முடியும்?

சிசிலியில் இது இன்னும் முக்கியம். பகல் ஒரு மணி வாக்கில் பல கடைகளும் தேவாலயங்களும் கதவைச் சாத்திவிடும். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அந்த நேரத்தில் ஊரே வீட்டுக்குள் போய்விடுகிறது. நாமும் போகவேண்டும். காலை நீட்டிப் படுத்து, மாத்திரை போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு முகம் கழுவிக் கிளம்பினால்தான் மாலை நமக்குக் கிடைக்கும். இறங்கியவர் எளிதில் ஏறிவர முடியாத ஊரில் அந்த மூன்று மணி நேரத்தை ஏதாவது ஒரு காப்பிக்கடை நாற்காலியில் கழிக்கவேண்டியிருக்கும். மாலைக்குள் முழங்கால் வீங்கிவிடும்.

ஓர்டீஜியா ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. சின்னப் பாலங்களைத் தாண்டினால் சிராகூசாவின் புது நகரம். மொத்தமும் சமதரை என்று சொல்லமாட்டேன், நடுவில் லேசான மேடு உண்டு, ஆனால் மூச்சு வாங்காது. எங்கள் அறையிலிருந்து கதீட்ரல் சதுக்கத்துக்கு மூன்று நிமிடம், கடலோரத்துக்கு இரண்டு நிமிடம். அம்மாவின் நடையில். முதல் நாள் மதியம் திரும்பிவந்து தூங்கி எழுந்து, மாலை வெளியே போய், சால்வை எடுக்க ஒருமுறை வந்து, மறுபடியும் சாப்பிடப் போனோம். நான்கு நாளும் இப்படித்தான். இரண்டாம் நாளிலிருந்து நான் துணை இல்லாமலே அம்மா காலையில் கடலோரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். மொழி தெரியாத ஊரில் தனியாக ஒரு நடை போய்வருவது அவருக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அந்த மூன்று நிமிட நடைக்குள் இருப்பதும் சாதாரணமில்லை. கொரிந்து நகரத்துக் கிரேக்கர்கள் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் குடியேறிய இடம் இது. சதுக்கத்தில் நிற்கிற கதீட்ரலைப் பாருங்கள்: கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கட்டிய அதீனா கோயிலின் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பித்தான் அதைத் தேவாலயமாக்கினார்கள். அரேபியர் ஆட்சியில் அதுவே மசூதியாக இருந்தது, நார்மானியர் வந்ததும் மறுபடி தேவாலயம். 1693 பூகம்பத்தில் முகப்பு விழுந்த பிறகு கட்டியதுதான் இப்போதுள்ள, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி முகப்பு. முன்பக்கம் படம் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பக்கவாட்டுச் சந்துக்குத் திரும்பினால் தடித்த கிரேக்கத் தூண்கள் சுவருக்குள் பாதி புதைந்து நிற்கும். கையால் தொடலாம். 2,500 ஆண்டுகளாக ஒரே கட்டடத்துக்குள் யாராவது ஒருவர் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அங்கிருந்து கடலோரம் இறங்கினால் அரெதூசா ஊற்று. உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர், அதில் பாப்பிரஸ் கோரை அடர்ந்து நிற்கும், வாத்துகள் நீந்தும். தீவின் தென்முனையில் 13-ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் கட்டிய மனியாசே கோட்டை. வடமுனையில் அப்பல்லோ கோயிலின் இடிபாடு, அதை ஒட்டிக் காலைச் சந்தை. அம்மா சைவம், அதனால் சாப்பாடு பற்றிக் கவலை இருந்தது. கத்தரிக்காய் அந்தக் கவலையைத் தீர்த்தது. கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த பாஸ்தா அல்லா நோர்மா ஒருநாள், புளிப்பும் இனிப்புமாக வரும் கபொனாத்தா மறுநாள். காலையில் பாதாம் கிரனீட்டாவும் (பனித்துகளாக உறைந்த இனிப்பு) பிரியோஷ் பன்னும். பாதாமுக்குப் பெயர்போன அவோலா பக்கத்தில்தான் இருக்கிறது.

ஓர்டீஜியாவின் குறைகளையும் சொல்லவேண்டும். கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் இந்த ஊர் உங்களை ஏமாற்றும். தீவில் சின்னக் கல் கடற்கரையும் பாறைகளும்தான். மணற்பரப்பு வேண்டுமென்றால் பஸ் ஏறித் தெற்கே அரெனெல்லாவோ ஃபொன்தானே பியாங்கேயோ போகவேண்டும். பெரிய கிரேக்க அரங்கமும் தீவில் இல்லை, புது நகரத்தின் மறுகோடியில் நேயாபொலிஸ் தொல்லியல் பூங்காவுக்குள் இருக்கிறது. நாங்கள் டாக்ஸியில் போனோம். பாறையைக் குடைந்து செய்த அரங்கம், ஏறத்தாழ 138 மீட்டர் அகலம். பக்கத்திலேயே பழைய கல்குவாரிகள். கி.மு. 413-இல் சிராகூசாவிடம் தோற்றுப்போன ஏதென்ஸ் வீரர்களை இப்படிப்பட்ட குவாரிகளில்தான் அடைத்துவைத்தார்கள். அவற்றில் ஒன்றில் 23 மீட்டர் உயரத்துக்கு வெட்டிய குகை உண்டு. பழங்காலத்தில் இந்த ஊரை ஆண்ட டயனீசியஸை வைத்து 'டயனீசியஸின் காது' என்று பெயர். உள்ளே நின்று மெல்லப் பேசினாலும் எதிரொலிக்கும். மே, ஜூன் மாதங்களில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்தப் பருவத்தில் பழைய கிரேக்க நாடகங்கள் நடப்பதால் கல் இருக்கைகளின் மேல் பலகை போட்டு மூடியிருப்பார்கள். நாடகம் பார்க்க அதுதான் நேரம், கல்லைப் பார்க்க அது நேரமில்லை.

வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் இரண்டு ஊரிலும் தொல்லைதான். பழைய நகரத்துக்குள் வெளியார் வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, நுழைவில் கேமரா இருக்கும், தெரியாமல் நுழைந்தால் மாதங்கள் கழித்து அபராதம் வரலாம். ஓர்டீஜியாவில் தீவின் ஓரத்தில் உள்ள தலேத்தே பார்க்கிங்கிலும், டவோர்மினாவில் லும்பி அல்லது போர்ட்டா கட்டானியா பார்க்கிங்கிலும் நிறுத்திவிடுவது நல்லது. எங்களுக்குக் கார் தேவைப்படவே இல்லை.

சிலர் செஃபலூவைப் பற்றிக் கேட்கிறார்கள். வடகரையில் இருக்கிற அந்த ஊரும் அதிகம் ஏற்றமில்லாதது, ஊரை ஒட்டியே மணல் கடற்கரை, சிசிலி அரசர் இரண்டாம் ரோஜர் 1131-இல் தொடங்கிய கதீட்ரலும் அங்கே உண்டு. பலேர்மோவில் விமானம் இறங்குகிறவர்களுக்கு அது நல்ல முடிவாக இருக்கும். பலேர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். நான் அங்கே போனதில்லை, ஆகவே இதற்கு மேல் ஒப்பிடமாட்டேன்.

டவோர்மினாவைப் பற்றி நான் சொல்வதும் ஒரு பகல் அனுபவம்தான். பகல்கூட்டம் கீழிறங்கிய பிறகு அந்த ஊர் ராத்திரியில் வேறு மாதிரி இருக்கும் என்று அங்கே தங்கியவர்கள் சொல்கிறார்கள், அது உண்மையாகவே இருக்கலாம். நாங்கள் போனது அக்டோபரில், வெயில் தணிந்திருந்தது. ஆகஸ்ட் வெயிலில் ஓர்டீஜியாவின் வெள்ளைக்கல் சதுக்கம் எப்படிக் காயும் என்பதை நான் அனுபவிக்கவில்லை. இளம் ஜோடிகளோ, முழங்கால் நன்றாக இருக்கிற நண்பர்களோ போனால், டவோர்மினாவில் இரண்டு இரவு தங்குவதை நான் தடுக்கமாட்டேன்.

அம்மா அப்பாவோடு போகிறவர்கள் ஓர்டீஜியாவில் அறை எடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வீடுகள் என்பதால் பல இடங்களில் லிஃப்ட் கிடையாது, படிகளோ குறுகலும் உயரமும். சமதரையான ஊரைத் தேடிப் பிடித்துவிட்டு மூன்றாவது மாடியில் அறை எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். நான் முதலில் பிடித்த அறை அப்படிப்பட்டதுதான். படத்தில் பால்கனி அழகாக இருந்தது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டபோது 54 படி என்று பதில் வந்தது. உடனே ரத்து செய்துவிட்டு, பால்கனியே இல்லாத ஒரு தரைத்தள அறையை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். நான்கு நாளும் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.