ரத்த டெஸ்டுக்குக் காசா, இன்சூரன்ஸா? களியக்காவிளைப் பக்கத்துக் கணக்கு

டாக்டர் திருவனந்தபுரத்தில், லேப் மார்த்தாண்டத்தில், பாலிசி மகன் வேலை பார்க்கும் சென்னை கம்பெனியில். தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் பல வீடுகளின் நிலை இதுதான். சுகர், கொழுப்பு, தைராய்டு என்று வழக்கமாகப் பார்க்கும் டெஸ்டுக்குப் பல வருஷம் இரண்டு வழியிலும் பில் கட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: கைக்காசு கொடுப்பதுதான் பெரும்பாலும் மலிவு.

சாதாரண மெடிக்ளெய்ம், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மூணு மாச சுகர் (மூணு மாச சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்ட்) அதில் வராது. ஓ.பி. செலவுக்கென்று, அதாவது படுக்காமல் பார்த்துவிட்டு வரும் செலவுக்கென்று, தனிக் கவர் எடுக்க வேண்டும், அதற்குத் தனி பிரீமியம். ஒரு கணக்குப் போடுவோம். கூடுதல் பிரீமியம் 3,000 ரூபாய், பில்லில் 20 சதவீதம் நம் பங்கு என்று வையுங்கள். தடவைக்கு 800 ரூபாய் வீதம் வருஷத்துக்கு நாலு டெஸ்ட் எடுத்தால் 3,200. அதில் 640 நாம் கட்ட, இன்சூரன்ஸ் கம்பெனி தருவது 2,560. கட்டிய பிரீமியத்தைவிட 440 ரூபாய் குறைவு! போதாக்குறைக்கு, சில லேப்களில் காசு கொடுப்பவருக்குத் தள்ளுபடி உண்டு, இன்சூரன்ஸ் பில்லுக்குக் கிடையாது. அதனால் கவுண்டரில் பாலிசியைப் பற்றி வாய் திறக்கும் முன் காசு ரேட்டைக் கேட்டுவிடுங்கள்.

பாலிசி கைகொடுக்கும் இடங்களும் உண்டு. சில பாலிசிகளில் வருஷத்துக்கு ஒரு ஹெல்த் செக்கப் இலவசம். பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்கு ஓ.பி. டெஸ்டும் அதிலேயே அடங்கும். இவற்றைவிட முக்கியமானது, அட்மிஷனுக்கு முந்தைய செலவு. பெரும்பாலான பாலிசிகளில் அட்மிட் ஆவதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜ் ஆன பின் 60 நாள் வரை அதே நோய்க்கான டெஸ்ட் செலவைத் திரும்ப வாங்கலாம். 10ஆம் தேதி காசு கொடுத்து எடுத்த டெஸ்ட், 25ஆம் தேதி அதே நோய்க்கு அட்மிட் ஆனால் கிளெய்முக்குள் வந்துவிடும். இதற்கு நெட்வொர்க் லேப்தான், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள லேப்தான், வேண்டும் என்பதில்லை. மாநில எல்லை தாண்டி எடுத்த பில்லையும் அனுப்பலாம்.

அங்கேதான் காகிதம் காலை வாரும். டாக்டர் சீட்டு, நம்பர் போட்ட பில், பணம் கட்டிய ரசீது, ரிப்போர்ட் நாலும் வேண்டும். சீட்டின் தேதி பில் தேதிக்குப் பின்னால் இருந்தால் கேள்வி வரும். பெயரும் அப்படித்தான். பாலிசியில் இனிஷியல், பில்லில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் இழுத்தடிப்பார்கள். லேப்பில் பதியும்போதே ஆதாரைக் காட்டி அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

ரேட்டை ஒப்பிடும்போது எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். "60 டெஸ்ட்" பேக்கேஜில் ரத்த அணுக்கள் எண்ணிக்கை ஒன்றையே இருபதாகப் பிரித்துக் காட்டுவார்கள். கொழுப்பு ரிப்போர்ட்டில் வி.எல்.டி.எல். என்ற வகை, பல லேப்களில் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பின் அளவை ஐந்தால் வகுத்த கணக்கு மட்டுமே. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல்.லும் பெரும்பாலும் கணக்குதான். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்க வேண்டும், அதற்குத் தனி காசு.

சாம்பிள் எங்கே ஓடுகிறது என்றும் கேளுங்கள். ஊரில் இருப்பது கலெக்ஷன் சென்டர் மட்டும் என்றால் ரத்தம் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும். சுகருக்குச் சாம்பல் மூடி போட்ட டியூபில் எடுக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். சாதாரண டியூபில் அணுக்களைப் பிரிக்காமல் கிடந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்னும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கும். சுகர் குறைந்ததாக ரிப்போர்ட் சொல்லும், உடம்பில் குறைந்திருக்காது. மூணு மாச சுகருக்குக் கத்தரிப்பூ நிற மூடி. அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. 50 ரூபாய் குறைவென்று தடவைக்கு ஒரு லேப் மாறினால், அளக்கும் முறை மாறுவதாலேயே மூணு மாச சுகர் 6.8 என்பது இன்னொரு இடத்தில் 7.2 ஆகத் தெரியலாம். மாத்திரையின் அளவை அந்த எண்ணை வைத்துத்தான் டாக்டர் மாற்றுகிறார்.

காசு கொடுத்த பில்லையும் கிழித்துப் போடாதீர்கள். பழைய வரி முறையில் இருப்பவர்கள் 80டி என்று பழகிப்போன, மருத்துவ பிரீமியத்துக்கான வரிக் கழிவுப் பிரிவில் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை, அந்தப் பிரிவின் மொத்த வரம்புக்குள், காட்டலாம். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் அங்கே செல்லாது; இந்தப் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கமும் செல்லும்.